மறு: ‘கோரிலேட் ஆஃப் ப்ரொடெக்‌ஷன்’: ‘காப்பு உடன்குறி’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம்.

நம் கையேட்டுக்கான காசநோய்த் தடுப்பூசிச் சொற்பட்டியலில் மற்றவை ஓரளவு முடிந்துவிட்டன. ‘மருந்துப்போலி’ (ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும் மருந்தில்லாத ஊசி), ‘வலுக்குறைத்த கிருமி’ இரண்டுக்கும் யாரும் மறுப்பு சொல்லவில்லை, அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இழுத்துக்கொண்டு நிற்பது ‘கோரிலேட் ஆஃப் ப்ரொடெக்‌ஷன்’ ஒன்றுதான். ஊசி போட்டவருக்கு நோயிலிருந்து காப்பு இருக்கிறது என்று ஊகிக்க உதவும், உடலில் அளக்கக்கூடிய அடையாளம் அது. நான் முன்வைப்பது ‘காப்பு உடன்குறி’. ஐயா எழுதியது:

> ‘பாதுகாப்பு அளவுகோல்’ போதுமே. படிப்பவருக்கு உடனே புரியும்.

அதற்கு அக்கா எழுதியது:

> புள்ளியியலில் ‘ஒட்டுறவு’ ஏற்கெனவே இருக்கிறது. ‘காப்பு ஒட்டுறவு’ என்று போட்டால் என்ன?

ஐயா, உங்கள் சொல் எளிமையானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தடுப்பூசி ஆய்வில் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை கொடுத்தாயிற்று. ஊசி போட்டவருக்குக் கெடுதல் ஏதும் வருகிறதா என்று முதல் கட்டத்தில் பார்க்கிறார்களே, அதைத்தான் ‘தடுப்பூசியின் பாதுகாப்பு’ என்கிறோம். ஊசி நோயைத் தடுக்கிறதா என்பது வேறு கேள்வி. ஒரே பத்தியில் இரண்டும் வரும்போது இரண்டுக்கும் ‘பாதுகாப்பு’ என்று எழுதினால், ஆய்வில் சேரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஒருவர் எதை எதுவாகப் புரிந்துகொள்வார்? அதனால் ஊசி தரும் தடுப்புக்குக் ‘காப்பு’ என்றே வைத்துக்கொள்வோம் என்பது என் முதல் வேண்டுகோள்.

அடுத்தது ‘அளவுகோல்’. இதில்தான் எனக்குப் பெரிய மறுப்பு.

ஹெபடைட்டிஸ் பி ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று தவணை முடிந்தபின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி அலகாவது இருந்தால் காப்பு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். மருத்துவமனை ஊழியர்கள் பலருக்கு இந்தப் பரிசோதனை பழக்கமானது. ஆனால் ஆண்டுகள் போகப்போக அந்த எண் 10-க்குக் கீழே இறங்கினாலும், நினைவுச் செல்கள் இருப்பதால் பெரும்பாலோருக்குக் காப்பு தொடர்கிறது. குறி போனபிறகும் காப்பு நிற்கிறது. இவ்வளவு தெளிவாக அளக்க முடிகிற நோயிலேயே அந்த எண் காப்பு ஆகிவிடாது, காப்போடு சேர்ந்து வரும் ஓர் அடையாளம்தான். வாசலில் செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று ஊகிக்கிறோம், அவ்வளவுதான்.

காசநோய்க்கு இந்த அளவு நம்பக்கூடிய எண்கூட இன்றுவரை இல்லை. இப்போதுள்ள காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது 1921-இல், பாரிஸில். நூறாண்டு தாண்டியும், ஊசி போட்ட ஒருவரின் இரத்தத்தைப் பார்த்து ‘இவருக்குக் காப்பு இருக்கிறது’ என்று சொல்ல வழியில்லை.

அப்படி ஒரு வழி இருக்கிறது என்று நம்பிய காலமும் உண்டு. அந்த நம்பிக்கை உடைந்தது நம் ஊரில்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

காசநோய்க் கிருமி உடலில் புகுந்திருக்கிறதா என்று தோலில் பார்க்கும் மான்டூ பரிசோதனையைப் பலர் பார்த்திருப்பீர்கள். முன்கையின் உட்புறத்தில் தோலுக்குள்ளேயே சின்ன ஊசியால் டியூபர்குலினை (காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த புரதம்) செலுத்துவார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து வரச்சொல்லி, சிவப்பை விட்டுவிட்டுத் தடிப்பை மட்டும் அளப்பார்கள். பால்பாயின்ட் பேனாவைத் தோலின்மேல் மெதுவாகத் தள்ளிக்கொண்டே வந்தால் தடிப்பின் விளிம்பில் முனை நின்றுவிடும், அங்கே ஒரு கோடு. எதிர்ப்பக்கத்திலிருந்தும் அப்படியே இன்னொரு கோடு. நடுவில் கையின் குறுக்கே எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிக்கொள்வார்கள். பி.சி.ஜி. போட்டவர்களுக்கும் இந்தத் தடிப்பு வரும். தடிப்பு வந்தால் உடல் கிருமியை அடையாளம் கண்டுகொண்டது, அப்படியென்றால் ஊசி ‘பிடித்துவிட்டது’ என்பதுதான் அன்றைய கணிப்பு.

1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இப்போதைய திருவள்ளூர்ப் பக்கம், மிகப்பெரிய பி.சி.ஜி. ஆய்வு தொடங்கியது. பாரிஸ் வகை, டேனிஷ் வகை என்று இரண்டு தடுப்பூசிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு அளவுகள், அப்புறம் மருந்துப்போலி. 1971 வரை சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு இவற்றில் ஒன்று போடப்பட்டது. இரண்டரை மாதம் கழித்துச் சோதித்தபோது தடிப்பு மிகத் திருப்தியாக வந்திருந்தது. பிடித்துவிட்டது என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள். இரண்டரை ஆண்டில் அந்தத் தடிப்பு வெகுவாகச் சுருங்கியிருந்தது. ஏழரை ஆண்டு முடிவுகள் வந்தபோது, பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயிலிருந்து பி.சி.ஜி. காப்பு எதையும் தரவில்லை என்று தெரிந்தது. பதினைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தும் பெரியவர்கள் விஷயத்தில் கதை மாறவில்லை. (இதைப் படித்துவிட்டு யாரும் குழந்தைக்குப் பி.சி.ஜி. வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. பச்சிளம் குழந்தைகளைக் காசநோய் மூளையுறை அழற்சியிலிருந்தும் உடலெங்கும் பரவும் காசநோயிலிருந்தும் அதுதான் காக்கிறது.)

அந்தத் தடிப்புக்கு அன்று ‘பாதுகாப்பு அளவுகோல்’ என்று பெயர் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள் ஐயா. சொல்லே தவறான முடிவை எடுத்துக்கொடுத்திருக்கும்.

இதே கதை 2013-இல் இன்னொரு தடவை நடந்தது. எம்.வி.ஏ.85.ஏ என்ற புதிய காசநோய்த் தடுப்பூசி, பிறந்தவுடன் பி.சி.ஜி. போட்ட 2,797 தென்னாப்பிரிக்கக் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. அது டி செல்களை (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்கள்) தூண்டும் என்பது முந்தைய ஆய்வுகளில் தெரிந்திருந்தது, இந்தக் குழந்தைகளிடமும் ஓரளவு தூண்டியது. காசநோய் வந்தவர்கள் ஊசி போட்ட பக்கம் 32 பேர், மருந்துப்போலிப் பக்கம் 39 பேர். புள்ளியியல்படி இது ஒரு வித்தியாசமே இல்லை. பிறகு அதே குழந்தைகளின் இரத்த மாதிரிகளை அலசியபோது, சில டி செல்கள் கிளர்ச்சி நிலையில் அதிகமாக இருந்த குழந்தைகளுக்கு நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது தெரிந்தது. ஆங்கிலத்தில் இதற்கு ‘கோரிலேட் ஆஃப் ரிஸ்க்’ என்று பெயர். நமக்கும் இது வேண்டும். ‘காப்பு உடன்குறி’ இருந்தால் ‘இடர் உடன்குறி’ தானாகக் கிடைத்துவிடும். ‘அளவுகோல்’ இந்த இடத்தில் உதவாது.

உடன்குறி இல்லாததால் ஆகும் செலவையும் சொல்ல வேண்டும், இந்தச் சொல் ஏன் முக்கியம் என்பது அங்கேதான் தெரிகிறது. குறியைப் பார்த்து முடிவு செய்ய முடியாவிட்டால், ஆட்களுக்கு நோய் வருகிறதா என்று காத்திருந்து எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை. எம்72 என்ற இன்னொரு புதிய காசநோய்த் தடுப்பூசியின் இரண்டாம் கட்ட ஆய்வு கென்யா, தென்னாப்பிரிக்கா, ஜாம்பியா நாடுகளில் நடந்தது. கிருமி உடலில் இருந்தும் நோய் வராத மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, மூன்றாண்டு பின்தொடர்ந்து, கடைசியில் கணக்குக்கு வந்த நோயாளிகள் மொத்தம் 39 பேர்: ஊசி போட்டவர்களில் 13, போடாதவர்களில் 26. ஏறத்தாழ 50 சதவீதக் காப்பு என்ற எண் இந்த 39 பேரிடமிருந்து வந்ததுதான். அதை உறுதிசெய்ய 2024-இல் தொடங்கிய மூன்றாம் கட்டத்துக்கு 20,000 பேர்வரை தேவைப்பட்டது. நம்பக்கூடிய ஓர் உடன்குறி கையில் இருந்தால், வரிசையில் நிற்கும் மற்ற ஊசிகளில் எதை விடலாம், எதை மேலே கொண்டுபோகலாம் என்று சில நூறு பேரின் இரத்தத்திலேயே பார்த்துவிடலாம். ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் உயிர் போகிற நோயில் அப்படி மிச்சமாகும் ஆண்டுகள் எவ்வளவு பெரிய விஷயம்!

தேடல் நின்றுவிடவில்லை. ரீசஸ் குரங்குகளுக்குப் பி.சி.ஜி.-யைத் தோலுக்குள் போடாமல் இரத்தக்குழாய் (சிரை) வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள், 2020-இல் வந்த முடிவில் பத்தில் ஒன்பது குரங்குகளுக்கு நல்ல காப்பு. நுரையீரல் மூச்சுவழியில் சேர்ந்த டி செல்களின் எண்ணிக்கை அந்தக் காப்போடு சேர்ந்தே வந்தது என்று பின்னர் கண்டார்கள். மனிதருக்கும் இது பொருந்துமா என்பது இனிமேல்தான். ஆனால் ‘சேர்ந்தே வந்தது’ என்கிறோம் பாருங்கள், அந்த ‘உடன்’தான் இந்தச் சொல்லின் உயிர்.

அக்கா, ‘ஒட்டுறவு’ பாடநூலில் வேரூன்றிய நல்ல சொல், அதைத் தொடவே வேண்டாம். ஆனால் அது இரண்டுக்கும் இடையிலான உறவைக் குறிக்கிறது, நமக்கோ இரத்தத்தில் அளக்கப்படும் பொருளுக்குப் பெயர் வேண்டும். ‘இரத்தத்தில் காப்பு ஒட்டுறவைத் தேடினார்கள்’ என்று எழுதினால் இடறுகிறது. ‘காப்பு உடன்குறியைத் தேடினார்கள்’ என்றால் இடறவில்லை. ‘குறி’ என்றால் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று இந்த இழையில் ஒரு கவலை வந்தது. ‘அறிகுறி’யை எந்த மருத்துவமனையிலும் யாரும் சுளித்துப் படிப்பதில்லை, ‘உடன்’ ஒட்டியபிறகு இதுவும் அப்படித்தான் இருக்கும்.

விளக்கத்துக்கு இப்படி ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்: “தடுப்பூசி போட்டவரிடம் அளக்கக்கூடியதும், நோய்க்காப்பு இருக்கும்போது சேர்ந்து காணப்படுவதுமான உடல் மாற்றம், அதுவே காப்பைத் தருகிறது என்று பொருளில்லை.” கடைசிப் பகுதியை நீளம் கருதி வெட்டிவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் சொல் மறுபடி ‘அளவுகோல்’ ஆகிவிடும்.

இன்னும் தீராதது ‘சரகேட்’. நோய் வருகிறதா என்று காத்திருப்பதற்குப் பதிலாக ஒரு குறியையே முடிவாக ஏற்றுக்கொள்ளும் நிலை அது. எல்லா உடன்குறிக்கும் அந்தத் தகுதி கிடைக்காது. ‘பதிலி’ என்று நினைக்கிறேன். அக்கா, புள்ளியியல் பக்கம் ‘பதிலி’யை வேறெதற்காவது ஏற்கெனவே பயன்படுத்தியிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? கையேட்டின் வரைவு அச்சுக்குப் போவதற்குள் தெரிந்தால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாம்.