யூஸு ஒட்டுச்செடி: தளிர் வெளுக்குது, நரம்பு மட்டும் பச்சை (குத்தாலம், மொட்டை மாடி)

குத்தாலம்_மாடி:
வணக்கம். யூஸு (ஜப்பான் எலுமிச்சை, சிட்ரஸ் வகை) ஒட்டுச்செடி, மூணடி உயரம், 15 அங்குலத் தொட்டி. நாலு மாசமா புதுத் தளிர் எல்லாம் மஞ்சளாவே வருது, நரம்பு மட்டும் பச்சையா வலை போட்ட மாதிரி. பழைய இலை பச்சைதான், ஆனா நுனி கருகுது. கலவை: வாய்க்கால் வண்டல் பாதி, கோகோபீட் கால், மாட்டெரு கால். மாசம் ஒரு கை அடுப்புச் சாம்பல், கொஞ்சம் முட்டை ஓட்டுத் தூள். தினமும் போர் தண்ணி, டிடிஎஸ் (கரைஞ்ச உப்பு அளவு) 720. அன்னபேதி (இரும்பு சல்பேட்) ரெண்டு ஸ்பூன் போட்டும் மாற்றமில்லை. ஒட்டுக்குக் கீழே வில்வம் மாதிரி மூணு மூணு இலையா, நீள முள்ளோட ஒரு கிளை வேற கிளம்புது. குளிர்நாட்டுச் செடி நம்ம வெயிலுக்கு ஆகலையா? ராத்திரி ஐஸ் கட்டி வைக்கலாமான்னு வீட்டில் கேட்கிறாங்க.

ஒட்டுக்கத்தி:
ஐஸ் கட்டியை மோருக்கு வைங்க. யூஸு மைனஸ் 9 டிகிரி வரைக்கும் தாங்கும், அவ்வளவுதான். அந்தக் குளிர் இல்லாட்டி பிழைக்காதுன்னு இல்லை.

துப்பு அந்த வில்வ இலையில் இருக்கு. அது டிரைஃபோலியேட் ஆரஞ்சு, உங்க செடியோட வேர்க்கட்டை, அதாவது யூஸுவை ஒட்டுக் கட்டின அடிச்செடி. ஜப்பானில் பெரும்பாலும் இதில்தான் ஒட்டுக் கட்டுறாங்க. ஈர மண்ணையும் வேரழுகலையும் நல்லாத் தாங்கும். ஆனா சுண்ணாம்பு மண்ணில் இரும்பை எடுக்கத் திணறும், உப்பும் ஆகாது. நீங்க போட்டதைப் பாருங்க: சாம்பல், முட்டை ஓடு, நத்தை ஓடு கலந்த வண்டல், அதுக்கு மேல போர் தண்ணி. எல்லாமே சுண்ணாம்புப் பக்கம்தான் இழுக்குது. இரும்பு பழைய இலையிலிருந்து தளிருக்கு நகராது, அதனால்தான் புது இலை மட்டும் வெளுக்குது. தழைச்சத்துக் குறைன்னா பழைய இலைதான் முதல்ல மஞ்சளாகும்.

அன்னபேதி மேல தப்பில்லை. பிஎச் (புளிப்பு, கார அளவு; 7 நடு, மேல போனா காரம்) 7.5 தாண்டின மண்ணில் அது சீக்கிரமே துருவாகி உட்கார்ந்துடும், வேருக்குக் கிடைக்காது.

சாம்பலையும் ஓட்டையும் இன்னைக்கே நிறுத்துங்க. வில்வ இலைக் கிளையைக் கத்தரிக்காம அடியோட கிள்ளி எடுங்க. குச்சி மிச்சம் இருந்தா மறுபடி துளிர்க்கும். தொட்டி மண் ஒரு ஸ்பூன் எடுத்து வினிகர் ஊத்திப் பார்த்துச் சொல்லுங்க, பொங்கினா சுண்ணாம்பு இருக்குன்னு அர்த்தம்.

உப்புக்கணக்கு:
நுனி கருகுறது வேற கதை, அது உப்பு. சிட்ரஸுக்கு டிடிஎஸ் 500க்குக் கீழ இருந்தா நிம்மதி. கழுவாத கோகோபீட்டிலும் உப்பு வரும். முதல்ல தொட்டியின் கொள்ளளவுக்கு ரெண்டு மடங்கு மழைத்தண்ணி மெதுவா ஊத்தி, அடி ஓட்டை வழியா வடிய விடுங்க.

இரும்புக்கு ஈடிடிஎச்ஏ கீலேட் (இரும்பைத் துருவாக விடாம பிடிச்சு வைக்கிற உரம்) கேட்டு வாங்குங்க. கடையில் ஈடிடிஏ எடுத்து நீட்டுவாங்க. அது பிஎச் 6.5க்கு மேல நிக்காது. 5 கிராமை 3 லிட்டர் தண்ணியில் கரைச்சா பீட்ரூட் சாறு மாதிரி சிவக்கும். வெளிச்சத்தில் சிதையும், அதனால் சாயங்காலம் வேர்ப்பக்கம் ஊத்துங்க, ஆறு வாரத்துக்கு ஒருமுறை. வெளுத்த இலை முழுசா திரும்பாட்டியும் பரவாயில்லை, அடுத்த தளிரைப் பாருங்க.

போர் தண்ணியில் 10 லிட்டருக்கு 3 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு, பிஎச் தாள் 6 காட்டுதான்னு பாருங்க. ஆசிட் காரத்தை மட்டும்தான் உடைக்கும், உப்பைக் குறைக்காது. அதுக்கு மழைத்தண்ணி பாதிக்குப் பாதி கலக்கணும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு டிரம் பிடிச்சு வைங்க.

வண்டல் வயலுக்குத் தங்கம், தொட்டியில் செங்கல். புதுக் கலவை: செம்மண் 1, கழுவின கோகோபீட் 1, கருக்காத உமி 1, மக்கின எரு அரை. உமிச்சாம்பல் வேண்டவே வேண்டாம், அதுவும் காரம்தான். மாத்தும்போது வேர்ப்பந்தின் வெளிப்பக்கம் மூணில் ஒரு பங்கு மண்ணை மட்டும் உதிர்த்தாப் போதும். கத்திரி வெயிலில் செய்யாதீங்க.

குத்தாலம்_மாடி:
நன்றிங்க. வினிகர் ஊத்தினதும் சோடா மாதிரி பொங்குச்சு. ஆனா ஆசிட், கீலேட்டுன்னு ஆயுசுக்கும் இதையே பண்ணிக்கிட்டிருக்கணுமா? அப்புறம், குளிரே இல்லாம பூ வருமா?

ஒட்டுக்கத்தி:
வேண்டாம், வேரையே மாத்திடலாம். ரங்பூர் லைம் (வேர்க்கட்டைக்குப் பயன்படுற இன்னொரு சிட்ரஸ்) கன்று, பென்சில் தடிமன், ஒண்ணோ ரெண்டோ தண்டிலிருந்து 5 செ.மீ. தள்ளி அதே தொட்டியில் நடுங்க. அது சுண்ணாம்பையும் உப்பையும் தாங்கும். ஜம்பேரி எலுமிச்சை வேர்க்கட்டையும் சுண்ணாம்பைத் தாங்கும், ஆனா அடைமழையில் வேர் அழுகும். கன்று வேர் பிடிச்சதும், தண்டுப் பட்டை சுலபமா உரியுற நேரத்தில், பழைய ஒட்டுக்கு மேல தலைகீழ் ‘டி’ வெட்டு போடுங்க. கன்றின் தலையைச் சாய்வா 3 செ.மீ. சீவி, சீவின முகம் கட்டையைத் தொடுற மாதிரி பட்டைக்குள்ளே செருகி, ஒட்டு நாடாவால் இறுக்கிக் கட்டுங்க. 45 முதல் 60 நாளில் பிடிக்கும். கன்றில் வர்ற துளிரைக் கிள்ளிட்டே இருங்க. கத்தியை ஒரு பங்கு ப்ளீச், ஒன்பது பங்கு தண்ணியில் முக்கி எடுங்க. எக்ஸோகார்டிஸ்னு கத்தி வழியா பரவுற ஒரு சிட்ரஸ் நோய்க்கிருமி ஸ்பிரிட்டுக்குச் சாகாது, டிரைஃபோலியேட், ரங்பூர் ரெண்டையுமே அடிக்கும்.

ரங்பூரும் தேங்கின தண்ணியில் தப்பாது. தொட்டியை மூணு செங்கல் மேல தூக்கி வைங்க. தளத்துச் சூடும் வேருக்கு ஏறாது. சித்திரை, வைகாசியில் மேற்கு வெயிலுக்கு 35 சதவீத நிழல்வலை கட்டுங்க.

பூவுக்குக் குளிர் செய்ற வேலையை நம்ம ஊரில் வறட்சி செய்யும். இலை பச்சையாகித் தேறின பிறகு, மழை விட்டுத் தையில் தண்ணியைக் குறைங்க. மதியம் சுருளும் இலை சாயங்காலமும் விரியலைன்னா அரை லிட்டர், அவ்வளவுதான். இப்படி மூணு நாலு வாரம் காய விட்டு, அப்புறம் நிறைய தண்ணியும் உரமும். நோஞ்சான் செடியில் இதைச் செஞ்சா இலை கொட்டிடும்.

காய் ஜப்பான் படத்தில் இருக்கிற மஞ்சளுக்கு வராது. அதுக்கு ராத்திரி 13 டிகிரிக்குக் கீழ இறங்கணும், நமக்கு மார்கழியிலேயே 20 பக்கம்தான். பச்சையாவே பறிங்க, ஜப்பான்காரங்களே பச்சை யூஸு தோலைப் பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து அரைச்சு வைக்கிறாங்க, நம்ம நாரத்தை ஊறுகாய்க்குத் தம்பி முறை.

வாய்க்கால்கரை:
ஒண்ணு விட்டுப் போச்சு. பக்கத்தில் கறிவேப்பிலை இருக்கா? சிட்ரஸ் சில்லிட்னு சாறு உறிஞ்சுற பூச்சி அதிலும் பெருகும், பச்சையாகும் நோயை இதுக்குக் கொண்டு வரும். அந்த நோயின் மஞ்சள் நரம்பை மதிக்காது. இலையின் இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் ஒரு மாதிரி திட்டுத் திட்டா இருக்கும். அப்படித் தெரிஞ்சா ஒட்டு வேலையைத் தொடங்காதீங்க, முதல்ல இலையைப் படம் எடுத்துப் போடுங்க.