ஜன்னல் கண்ணாடியில் பறவைகள் மோதுவதைத் தடுப்பது எப்படி?

கேள்வி: பெரிய ஜன்னல் கண்ணாடியில் பறவைகள் அடிக்கடி மோதி விழுகின்றன. பருந்து ஸ்டிக்கர் ஒட்டியும் பலனில்லை. வேறென்ன செய்யலாம்? விழுந்த பறவைக்குத் தண்ணீர் தரலாமா?

பதில் 1: ஒற்றை ஸ்டிக்கர் போதாது. பறவை அதை மட்டும் விலக்கிப் பக்கத்து வெற்றுக் கண்ணாடியில் மோதும். கண்ணாடி முழுக்கப் புள்ளிகள் வேண்டும்: ஒவ்வொன்றும் குறைந்தது 6 மி.மீ., எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இடைவெளி. வெளிப்பக்கம்தான் ஒட்ட வேண்டும். உள்ளே ஒட்டினால், கண்ணாடியில் தெரியும் வானமும் மரக்கிளையும் புள்ளிகளை மறைத்துவிடும். பலர் சறுக்குவது இங்கேதான்.

பதில் 2: தீனித்தட்டு இருந்தால் கண்ணாடிக்கு 1 மீட்டருக்குள் வையுங்கள். கிளம்பும் பறவை வேகம் எடுப்பதற்குள் கண்ணாடி வந்துவிடும், அடி பலமாக இருக்காது.

பதில் 3: தண்ணீர் வேண்டவே வேண்டாம்! மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், பாவம். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, அதில் வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். அரை மணிக்கொரு முறை வெளியே கொண்டுபோய்த் திறந்து பாருங்கள். இறக்கை தொங்கினாலோ, கண் வீங்கினாலோ காத்திருக்காமல் வனவிலங்கு மீட்பு மையத்துக்குக் கொண்டுபோங்கள். 2 மணி நேரமாகியும் பறக்காவிட்டாலும் அப்படியே.