பென்டிரைவில் லைவ் லினக்ஸ் போட்டபோது மறக்க முடியாதபடி நடந்தது என்ன? (அனுபவப் பகிர்வு)

திண்டுக்கல்பூட்டு:
நாலு வருஷம் ஆச்சு, அந்தத் திரை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. தங்கச்சி லேப்டாப் விண்டோஸுக்குள் போகவில்லை, ஹார்டு டிஸ்கில் டக் டக் சத்தம். டிஸ்கில் இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓடுகிற லைவ் லினக்ஸ், அதாவது உபுண்டு பென்டிரைவைச் செருகி உள்ளே போனேன். டிஸ்க் மவுன்ட் ஆகி, ஃபைல்கள் தெரிந்தன. கல்யாண போட்டோ மட்டும் 2.6 ஜிபி. ஒவ்வொரு ஃபைலும் நின்று நின்று வந்தது. மூன்று மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில் காப்பி போட்டேன். தாலி கட்டுகிற போட்டோவைத் திறந்துகூடப் பார்த்தேன், தெளிவாக இருந்தது.

மணி நாலு. எக்ஸ்டர்னல் டிரைவ் ஆபீஸில் இருக்கிறது, காலையில் எடுத்து வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று ஷட்டவுன் கொடுத்தேன். பென்டிரைவை எடுத்துவிட்டு என்டர் தட்டச் சொல்லித் திரையில் வந்தது. எடுத்தேன். விரல் என்டர் மேல் இருக்கும்போதுதான் உறைத்தது: அந்த டெஸ்க்டாப் எந்த டிஸ்கில் இருந்தது?

எதிலும் இல்லை, ஆஃப் செய்தால் அழிந்துபோகிற ரேமில். லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், அதில் பாதி வரைதான் லைவில் இப்படி ஃபைல் வைக்கலாம். 4 ஜிபி இருந்திருந்தால் பாதியிலேயே இடமில்லை என்று கத்தியிருக்கும், நானும் விழித்திருப்பேன். மறுநாள் அந்த டிஸ்க் சுற்றவே இல்லை.

பழையமதர்போர்டு:
சத்தம் வருகிற டிஸ்கை ஃபைல் மேனேஜரில் திறந்ததே முதல் தப்பு. யாராவது இனிமேல் செய்யப் போகிறீர்கள் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். மவுன்ட் செய்யவே கூடாது. டிடிரெஸ்க்யூ என்கிற மீட்புக் கருவியைப் போட்டு முழு டிஸ்கையும் இன்னொரு டிஸ்குக்கு இமேஜ், அதாவது அச்சு அசல் நகல், எடுக்க வேண்டும். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கிற மேப் ஃபைல் கொடுக்க மறக்காதீர்கள். டிடிரெஸ்க்யூ முதலில் சுலபமாகப் படிக்க முடிகிற இடத்தை அள்ளிக்கொண்டு, மக்கர் செய்கிற இடத்துக்குக் கடைசியில்தான் திரும்பிப் போகும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அப்புறம் இமேஜிலிருந்து போட்டோரெக் என்கிற மென்பொருளில் படங்களை எடுங்கள். டிஸ்கில் பிழை திருத்துகிற செக்டிஸ்க், எஃப்எஸ்சிகே எதையும் அந்த டிஸ்க் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

இன்னொன்று. லைவ் லினக்ஸைச் சுருக்கி வைத்திருக்கிற ஸ்குவாஷ்எஃப்எஸ் என்கிற ஃபைல் சிஸ்டம் படிக்க மட்டும்தான். நீங்கள் எழுதுவதெல்லாம் அதன் மேல் ரேமில் விரித்த ஒரு அடுக்கில் போய் விழும். நிலைக்க வேண்டுமென்றால் பெர்சிஸ்டன்ஸ், அதாவது எழுதியதைச் சேமிக்க பென்டிரைவில் ஓர் இடம், வைக்க வேண்டும். அதையும் ஃபேட்32 ஃபார்மட்டில் ஃபைலாக வைத்தால் 4 ஜிபியைத் தாண்டாது, லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபார்மட்டில் தனி பார்டிஷனாகப் போடுங்கள்.

என் அனுபவமா? பென்டிரைவில் எழுத டிடி கட்டளை அடிக்கும்போது, பென்டிரைவான எஸ்டிபிக்குப் பதில் ஹார்டு டிஸ்கான எஸ்டிஏ. அவ்வளவுதான், அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

சுடோ_சுந்தரி:
சித்தப்பா வீட்டு டெஸ்க்டாப். லைவ் பூட் ஆகும்போதே திரை முழுக்க ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர் வரிவரியாக ஓடியது. பென்டிரைவ்தான் போச்சு என்று இன்னொன்று வாங்கினேன். அதுவும் அதே. மூன்றாவது பென்டிரைவில் அதே எரர், எண்கள் மட்டும் வேறு.

ஒரே ஒருமுறை எப்படியோ டெஸ்க்டாப் வரை வந்தது. ஹார்டு டிஸ்கில் இருந்த ஐஎஸ்ஓவுக்கு (லினக்ஸ் டவுன்லோடு ஃபைல்) ஷா256 போட்டுப் பார்த்தேன். ஃபைல் மாறாதவரை விடை மாறாத சரிபார்ப்புக் கணக்கு அது. வந்த விடை தப்பு. சந்தேகத்தில் மறுபடி போட்டேன். அதே ஃபைல், நான் எதையும் தொடவில்லை, விடை வேறு! கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. கணக்கே தப்பாக வருகிறதென்றால் பென்டிரைவ் என்ன செய்யும்? ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் ஓட்டினேன், சிவப்பு எரர் வரிகள். ரேமைக் கழற்றி, தங்க நிறப் பல்லை ரப்பரால் தேய்த்து மாட்டியதும் சரியாகிவிட்டது. இன்னும் ஓடுகிறது.

பழையமதர்போர்டு:
ரப்பர் தேய்த்ததால் ஒன்றும் ஆகவில்லை, கழற்றி மாட்டியதால் சரியானது. அதோடு எல்லா ஸ்குவாஷ்எஃப்எஸ் எரருக்கும் ரேமைக் கழற்றாதீர்கள். யூஎஸ்பி போர்ட்டாகவும் இருக்கலாம். மூன்று பென்டிரைவையும் முன்பக்க போர்ட்டிலேயே செருகியிருப்பீர்கள்.

சுடோ_சுந்தரி:
பின்பக்கமும் செருகினேன். ஒரே ஃபைலுக்கு இரண்டு விடை வந்ததைப் படித்தீர்களா இல்லையா? எஸ்டிஏ அடித்தவர் எனக்கு போர்ட் காட்டுகிறார்.

திண்டுக்கல்பூட்டு:
டிடிரெஸ்க்யூ எல்லாம் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன் அண்ணே. தங்கச்சியிடம் டிஸ்க் போய்விட்டது என்றுதான் சொன்னேன். மூன்று மணி நேரம் என் கையில் இருந்ததைச் சொல்லவில்லை.

பால்கடைக்காரர்:
எங்கள் கடை பில்லிங் கம்ப்யூட்டரில் வைரஸ். லைவ் லினக்ஸ் போட்டு, மொபைல் நெட்டைக் கொடுத்து, கணக்கு ஃபைலை எல்லாம் எடுத்து வைத்தேன். விண்டோஸும் சரியானது, ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

அடுத்த நாளிலிருந்து கணக்கு இடித்தது. முந்தின நாள் கணக்கில் விற்பனை கூடுதலாகக் காட்டும், கல்லாவில் அந்தப் பணம் இருக்காது. காலையில் கல்லாவில் இருப்பது ஒரு பையன்தான். நாலு நாள் அவனை உலுக்கி எடுத்தோம்.

ஐந்தாம் நாள் காலை 5:12-க்கு நானே போட்ட பில்லைக் கையில் எடுத்தேன். முந்தின நாள் தேதி, இரவு 11:42 என்று இருந்தது. விண்டோஸ் போர்டில் இருக்கிற கடிகாரத்தில் நம் ஊர் நேரத்தை வைக்கும். லினக்ஸ் அதை யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்று எடுத்துக்கொள்ளும். நெட்டில் நேரம் பார்த்து அதில் யூடிசியை எழுதிவிட்டுப் போயிருக்கிறது. ஐந்தரை மணி நேரம் பின்னால். கடை திறப்பது 5 மணிக்கு, அதனால் முதல் அரை மணி நேர பில் எல்லாம் முந்தின நாளில் போய் விழுந்திருக்கிறது. பில்லிங் சாஃப்ட்வேர் திரை முழுக்க நிற்கும், மூலையில் இருக்கிற கடிகாரத்தை யார் பார்த்தார்கள்?

பையன் அந்த மாதத்தோடு நின்றுவிட்டான்.