டி.என்.எஸ். எண்ணை மாற்றினால் பள்ளி வடிகட்டி விழுந்துவிடுமா?

வலைக்காவலன்:
“பள்ளிகளில் வேண்டாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டி வைப்பதே வீண் செலவு; தளத்தின் பெயரைக் கொண்டு அதன் எண் முகவரியைத் தேடித் தரும் டி.என்.எஸ். சர்வராகக் கூகுளின் 8.8.8.8ஐக் கணினியில் போட்டால் எந்த மாணவனும் அரை நிமிடத்தில் தாண்டிவிடுவான்” என்று கரும்பலகை இந்த மன்றத்தில் நேற்று எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. பள்ளி வலையமைப்பு ஒன்றை நாள்தோறும் கட்டிக்காப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், தாண்ட முடியாது. டி.என்.எஸ். கேள்விகள் 53ஆம் போர்ட் என்ற எண்ணிட்ட வாசல் வழியாகத்தான் வெளியே போகின்றன. தடைப்பட்டியல் வைத்திருக்கும் பள்ளியின் சொந்த டி.என்.எஸ். சர்வரைத் தவிர வேறு எந்தக் கணினியும் அந்த வழியில் வெளியே பேசக் கூடாது என்று, வலையமைப்பின் போக்குவரத்தைச் சோதிக்கும் ஃபயர்வாலில் ஒரு விதி எழுதிவிட்டால், மாணவன் 8.8.8.8 போட்டாலும் அதுபோன்ற 1.1.1.1 போட்டாலும் பக்கம் திறக்காது. அந்தக் கேள்வியை நம் சர்வருக்கே திருப்பியும் விடலாம். திருப்பியது அவனுக்குத் தெரியவும் தெரியாது.

கரும்பலகை:
“எழுதிவிட்டால்” என்கிறீர்கள். எழுதாத பள்ளிகளைப் பற்றித்தான் நான் பேசினேன். கணினி ஆய்வகத்தில் என் கண்முன் நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி நெட்வொர்க் அமைப்பைத் திறந்து, தானாக முகவரி பெறும் தேர்வை நீக்கிவிட்டு, நான்கு எட்டுகளைத் தட்டினாள். அதுவரை தடைப்பக்கம் காட்டிய விளையாட்டுத் தளம் அடுத்த நொடியே திரையில் நின்றது. பக்கத்து இருக்கைக்காரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிவதற்குள் அந்த வரிசை முழுவதும் கற்றுக்கொண்டுவிட்டது. கூகுள் அந்தச் சேவையைத் தொடங்கியது 2009இல். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது வேலை செய்கிறது என்றால், காவல் எங்கே இருக்கிறது?

வலைக்காவலன்:
அது வடிகட்டியின் தோல்வி அன்று, அங்கே பொறுப்பில் இருந்தவரின் சோம்பல். மாணவர் கணக்கிலிருந்து நெட்வொர்க் அமைப்பை மாற்றும் உரிமையைக் கொடுத்தவர் யார்? ஆய்வகம் உங்களுடையது. தடுத்த பக்கத்தை இடையில் நின்று எடுத்துத் தரும் ப்ராக்ஸி தளங்களைப் பற்றிய சென்ற விவாதத்திலும் இப்படித்தான், உங்கள் ஆய்வகத்தில் நடந்ததற்குப் பழியை எங்கள் மேல் போட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை. 53ஐ மூடிய இடத்தில் 8.8.8.8 வேலை செய்யாது. இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கடைசிவரிசை:
நான் மாணவன். நீங்கள் இருவரும் பழங்கதை பேசுகிறீர்கள். டி.என்.எஸ். கேள்வியை மறையாக்கி, அதாவது இடையில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி, சாதாரண வலைப்பக்கம் போகும் 443ஆம் போர்ட்டிலேயே அனுப்பும் முறை 2018இலேயே தரநிலையாக வந்துவிட்டது. பிரவுசர் அமைப்பில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். 53ஐ நீங்கள் சிமெண்ட் வைத்துப் பூசினாலும் எங்களுக்கு ஒன்றும் குறையாது. 443ஐ மூடிப் பாருங்கள், பாடத்துக்கான தளமும் சேர்ந்தே போய்விடும். அரட்டைக்கு எங்களுக்கு இவை எதுவுமே வேண்டியதில்லை. பகிர்ந்து எழுதும் ஆவணத்தின் மேற்பகுதியில் அறிவியல் குறிப்பு இருக்கும், கீழே நாங்கள் பேசிக்கொண்டிருப்போம், மணி அடிப்பதற்குள் கீழ்ப்பகுதியை அழித்துவிடுவோம். அதை எந்த வடிகட்டி பிடிக்கும்?

வலைக்காவலன்:
தம்பி, அரைகுறையாகப் படித்துவிட்டு வராதே. அந்த மறையாக்கச் சேவைகளின் முகவரிகள் தெரிந்தவைதாம். அவற்றைத் தடைப்பட்டியலில் சேர்க்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் தானாக அந்த முறைக்கு மாறும் முன் குறிப்பிட்ட ஒரு பெயரை உள்ளூர் சர்வரிடம் கேட்டுப் பார்க்கும். அப்படி ஒரு பெயர் இல்லை என்று நம் சர்வர் சொன்னால் மாறாது. இன்னொன்று, பெயரைத் தேடும் கேள்வியை மறைத்தாலும், தளத்தோடு இணைப்புத் தொடங்கும்போது அதன் பெயர் பெரும்பாலும் மறையாக்கம் இல்லாமலேயே போகிறது. அதைப் பார்த்துத் தடுக்கலாம். ஆக, முடியாது.

கடைசிவரிசை:
பிரவுசர் தானாக மாறும்போதுதான் அந்தப் பெயரைக் கேட்கும். நானே கையால் இயக்கிவிட்டால் உங்கள் சர்வரின் பதிலை அது பொருட்படுத்தாது. இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னீர்களே, அது அரைகுறை இல்லையா? என்னைத் தம்பி என்று அழைக்கவும் வேண்டாம். வாதத்துக்கு வயது தேவையில்லை.

நூலகமேசை:
வடிகட்டி தாண்டப்படுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். அது தடுக்கக் கூடாததைத் தடுப்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மார்பகப் புற்றுநோய் பற்றிக் கட்டுரை எழுத வந்த மாணவிக்கு நூலகக் கணினியில் தடைப்பக்கம்தான் வந்தது. திறந்துவிடும்படி படிவம் எழுதிக் கொடுத்தேன். கட்டுரை கொடுக்க வேண்டிய நாள் கடந்த பிறகுதான் பதில் வந்தது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டின் சட்டம், இணையக் கட்டணச் சலுகை பெறும் பள்ளிகளும் நூலகங்களும் வடிகட்டி வைக்க வேண்டும் என்கிறது. நூலகங்கள் தொடர்பான வழக்கில் 2003இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் அதை ஏற்றபோது, பெரியவர்கள் கேட்டால் தடையை நீக்க முடியும் என்பதையும் கணக்கில் கொண்டது. பிள்ளைகள் யாரிடம் கேட்பார்கள்?

வலைக்காவலன்:
அம்மா, அது வேறு பேச்சு. படிவம் எனக்கு வந்திருந்தால் அன்றே திறந்திருப்பேன். இங்கே கேள்வி 53ஆம் போர்ட்.

வீட்டுக்காவல்:
இரண்டு பிள்ளைகளின் தாய் நான். 2013இல் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி நிர்வாகம் மாணவர்களுக்கு ஐபேட் கொடுத்தபோது என்ன நடந்தது? கட்டுப்பாட்டு அமைப்பு அடங்கிய ப்ரொஃபைலை முந்நூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் அழித்துவிட்டு விருப்பப்படி உலவினார்கள். அதன்பின் வீட்டுக்கு எடுத்துச் செல்வதையே நிர்வாகம் நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கே போர்ட்டும் இல்லை, ஃபயர்வாலும் இல்லை. இன்று பையனின் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை இயக்கினால் உங்கள் வலையமைப்பே அவனுக்கு வேண்டாம்.

வலைக்காவலன்:
கைப்பேசியை வாங்கிக் கொடுத்தவர் யார்? பள்ளியா? வாங்கிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து கேட்கிறீர்கள்.

வீட்டுக்காவல்:
பாதுகாப்புக்காக வாங்கிக் கொடுத்தேன். வீட்டுப்பாடத்தைக் கைப்பேசியில் அனுப்புவது உங்கள் பள்ளிகள்தாம். அதை முதலில் நிறுத்தச் சொல்லிவிட்டுப் பெற்றோரைக் கேளுங்கள்.

கரும்பலகை:
ஹாட்ஸ்பாட் இருக்கட்டும். பூட்டு இருந்தும் பூட்டாமல் விட்ட வாசல் திறந்த வாசல்தான். 8.8.8.8 வேலை செய்தது, நான் பார்த்தேன்.

வலைக்காவலன்:
நீங்கள் பார்த்தது உங்கள் ஆய்வகத்தின் நிலை. அந்தக் கணினிகளின் மாணவர் கணக்கில் நிர்வாக உரிமை இருந்ததா, இல்லையா? மூன்று பதிவுகளாக இதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

கரும்பலகை:
அந்தக் கணக்குகளை அமைத்துக் கொடுத்தது உங்களைப் போன்ற ஒரு வலையமைப்புப் பொறுப்பாளர்தான். அவரிடம் போய்க் கேளுங்கள்.