எஞ்சின் சூடானதும் ஐடிலிங்கில் திணறி ஆஃப் ஆகிறது: எங்கிருந்து தேடுவது?

கேள்வி:
2004 மாடல் பெட்ரோல் கார், 1.6 லிட்டர், மேனுவல் கியர், 1,40,000 கிலோமீட்டர் ஓடியது. மூன்று மாதமாக இந்தத் தொல்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் எந்தக் குறையும் இல்லை. இருபது நிமிடம் ஓட்டிவிட்டு சிக்னலில் நின்றால், ஐடிலிங் 800-லிருந்து 500-க்கு இறங்கி ஏறுகிறது, ஸ்டீயரிங் நடுங்குகிறது, சில நேரம் அப்படியே ஆஃப் ஆகிவிடுகிறது. சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகும். தினமும் வருவதில்லை, அதனால் மெக்கானிக்கிடம் காட்டவும் முடியவில்லை.

ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று. த்ராட்டில் பாடியும் சுத்தம் செய்தாயிற்று. செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை. அடுத்து ஃப்யூவல் பம்ப்பை மாற்றலாம் என்கிறார் மெக்கானிக். போன வாரம் பிள்ளைகளோடு போகும்போது நடுச் சாலையில் நின்றுவிட்டது. உண்மையிலேயே பயமாக இருக்கிறது. உதவுங்கள்.

பதில் 1:
பம்ப்பை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பம்ப் தளர்ந்தால் முதலில் மேடு ஏறும்போதும் வேகமெடுக்கும்போதும்தான் இழுவை குறையும், பெட்ரோல் அதிகம் தேவைப்படுவது அப்போதுதான். ஐடிலிங்கிற்குக் கொஞ்சம் போதும்.

மூன்று விஷயம் கவனித்துச் சொல்லுங்கள். திணறும்போது ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து 2,000 ஆர்பிஎம்மில் வைத்தால் சரியாகிறதா? ஆஃப் ஆகும்போது ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுகிறதா, தள்ளாடி இறங்குகிறதா? நின்ற இடத்தில் நியூட்ரலில் வைத்து பிரேக்கை மட்டும் அழுத்தினால் திணறல் கூடுகிறதா? பிரேக் பூஸ்டரில் (எஞ்சின் உறிஞ்சலைக் கொண்டு பிரேக்குக்குப் பலம் சேர்க்கும் பாகம்) காற்றுக் கசிவு இருந்தால் இதில் தெரிந்துவிடும். அப்படியென்றால் காரை எடுக்கவே வேண்டாம், பிரேக் பிடிக்கும் பலமே குறைந்துவிடும்.

பதில் 2:
எனக்கும் சூடான பிறகுதான் ஆஃப் ஆகும். கடைசியில் கிராங்க் சென்சார் (எஞ்சின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார்) பழுது என்று தெரிந்தது. மாற்றியதும் சரியாகிவிட்டது. அதைப் பாருங்கள்.

கேட்டவர்:
2,000-இல் வைத்தால் நடுக்கமே இல்லை. முள் தள்ளாடித்தான் இறங்குகிறது. பிரேக் அழுத்தினால் மாற்றம் எதுவும் தெரியவில்லை.

பதில் 1:
நல்லது, பிரேக் பூஸ்டர் மேல் சந்தேகம் குறைந்தது. கிராங்க் சென்சார் சூட்டில் போகும்போது பெரும்பாலும் எஞ்சின் வெட்டியதுபோல நிற்கும், ஆறும்வரை ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும். உங்கள் கதை அப்படியில்லை. எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது என்று நினைக்கிறேன்.

ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டி என்றால், அதைக் கடந்து வரும் காற்றைக் கணக்கிட்டுத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோல் தெளிக்கும். சென்சாருக்கு அப்பால் ஒரு ஹோஸ் வெடித்திருந்தால் அந்த வழியாக வரும் காற்று கணக்கில் சேராது. ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் மொத்தக் காற்றே குறைவு, அதில் சின்னக் கசிவுகூடப் பெரிய பங்கு. ஆர்பிஎம் ஏறினால் அதே கசிவு ஒன்றுமில்லாமல் போகும்.

ஒரு ஓபிடி ஸ்கேனரை (காரின் கம்ப்யூட்டரில் உள்ள எண்களைக் காட்டும் கருவி) மாட்டி, எஞ்சின் சூடான பிறகு ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் ஃப்யூவல் டிரிம் (கலவை சரியாக இருக்க கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் சதவீதம்; ஷார்ட் டேர்ம் அந்த நேரத்துக்கானது, லாங் டேர்ம் நாள்பட்டது) இரண்டையும் ஐடிலிங்கில் ஒருமுறை, 2,500-இல் ஒருமுறை பாருங்கள். விளக்கு எரியாததால் கோளாறு இல்லை என்று ஆகாது. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் அது எரியும்.

கேட்டவர்:
ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிதான். ஐடிலிங்கில் லாங் டேர்ம் +17, 2,500-இல் +4. ஷார்ட் டேர்ம் இரண்டிலும் பூஜ்யத்தை ஒட்டியே ஆடுகிறது.

பதில் 1:
அப்படியானால் கசிவுதான். பெட்ரோல் அழுத்தக் குறைவாக இருந்தால் ஆர்பிஎம் ஏறும்போது அந்த எண் இறங்காது, ஏறத்தான் பார்க்கும்.

திணறல் வரும் நேரத்திலேயே தேடுங்கள், ஆறிய எஞ்சினில் கசிவு தெரியாமல் போகலாம். இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) போகும் மெல்லிய ஹோஸ்களை ஒவ்வொன்றாக, துணி சுற்றிய பிளையரால் மெதுவாக நெரியுங்கள். எதை நெரிக்கும்போது ஐடிலிங் நிலைக்கு வருகிறதோ அந்த வழியைச் சோதியுங்கள். பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் புகையை மேனிஃபோல்டுக்குத் திருப்பி விடுவது), பர்ஜ் வால்வு ஹோஸ் (டேங்கின் பெட்ரோல் ஆவியைக் கொண்டுவருவது) இரண்டையும் விட்டுவிடாதீர்கள். கசிவைக் கண்டுபிடிக்க கார்ப் கிளீனர் (கார்புரேட்டரைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) தெளித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு, சூடான எஞ்சினில் அது தீப்பிடிக்கும், வேண்டாம். ஃபேன், பெல்ட் பக்கம் கையும் சட்டையும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
கிடைத்துவிட்டது! பிசிவி ஹோஸ். மேனிஃபோல்டில் சேரும் இடத்தில் வளைவின் அடிப்பக்கம் ஆயிலில் ஊறி மெழுகுபோல ஆகியிருந்தது. மேலிருந்து பார்த்தால் புதிதுபோலத்தான் இருக்கிறது. கழற்றி வளைத்தபோதுதான் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு வாய் பிளந்தது. நெரித்த கணமே ஐடிலிங் 800-இல் நின்றதைப் பார்த்து என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஹோஸோடு பிசிவி வால்வையும் மாற்றினேன். பத்து நாளாகிறது, ஒருமுறைகூட ஆஃப் ஆகவில்லை. லாங் டேர்ம் +3-க்கு வந்துவிட்டது. மிகவும் நன்றி அண்ணா.

பதில் 1:
ரொம்ப சந்தோஷம். அதே வயதுடைய மற்ற ஹோஸ்களையும் ஒருமுறை வளைத்துப் பார்த்துவிடுங்கள், முக்கியமாக பிரேக் பூஸ்டருக்குப் போவதை.