புதுப்பிப்பு: ஸ்வாப் மினி குவில்ட், ஓரம் நெளிவதும் தொங்கவிடுவதும்

ஸ்வாப்பில், அதாவது ஒருவருக்கொருவர் தைத்து அனுப்பிப் பரிமாறிக்கொள்வதில், செய்யும் 16 அங்குல மினி குவில்ட்டின் (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைத்த சிறு சுவர் அலங்காரம்) ஓரம் ஏன் நெளிகிறது என்ற கேள்வி முந்தைய பதிவில் பாக்கி இருந்தது. நடுவில் நெருக்கமாகத் தைத்து ஓரத்தை விட்டுவிட்டால் நடு சுருங்கும், ஓரம் அலையடிக்கும். தையல் நெருக்கம் விளிம்புவரை ஒரே சீராக இருக்கட்டும். பைண்டிங் பட்டியை (விளிம்பைச் சுற்றி மூடித் தைக்கும் துணிப்பட்டி) இழுத்துத் தைக்கவே கூடாது. 2¼ அங்குல அகலத்தில், 44 அங்குல நீளப் பட்டி இரண்டு போதும்.

மாட்டுவதற்கு: 4 அங்குலச் சதுரம் இரண்டை முக்கோணமாக மடித்து, பின்பக்கம் மேல் மூலைகளில் வைத்துப் பைண்டிங்கோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். 15 அங்குலக் குச்சியின் இரு முனைகளும் அந்த முக்கோணப் பைகளுக்குள் கச்சிதமாக உட்காரும். குவில்ட்டைப் பெறுபவர் சுவரில் ஒரே ஆணி அடித்து அந்தக் குச்சியை மாட்டினால் போதும். இந்த முக்கோணங்களைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

அனுப்பும்போது மடிக்காமல், முன்பக்கம் வெளியே தெரியச் சுருட்டுங்கள்.