நாயனம் என்றாலே கல்யாணமா? அறைத்தோழர்களுக்குக் காருகுறிச்சியாரை எப்படி அறிமுகப்படுத்துவது?

பத்தமடைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூர் மாரத்தஹள்ளியில் மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறோம். ஒருவன் மங்களூர்ப் பக்கம், இன்னொருவன் இந்தூர். இருவரும் பாட்டுப் பிரியர்கள்தான். இந்தூர்க்காரன் கல்லூரியில் டிரம்ஸ் வாசித்தவன். சனிக்கிழமை இரவு மெட்டல் போட்டால் கீழ்வீட்டு அம்மாவிடம் திட்டு வாங்குவது நான்.

எனக்கு ஊர் பத்தமடை. சேரன்மகாதேவியைத் தாண்டினால் காருகுறிச்சி வந்துவிடும். அப்பா முகம் மழிக்கும்போதுகூட நாயனக்காரர் காருகுறிச்சி அருணாசலத்தின் கேசட் ஓடிக்கொண்டிருக்கும். அவர் 1964-லேயே போய்விட்டார், ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அப்பா நேரில் கேட்டதே கிடையாது. ஆனாலும் சொந்தச் சித்தப்பாவைப் போலத்தான் அவரைப் பற்றிப் பேசுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்த இருவரையும் உட்காரவைத்து, ஒரு பழைய கச்சேரிப் பதிவைப் போட்டேன். நாற்பது நிமிட ராக ஆலாபனை. இரண்டாவது நிமிடத்திலேயே இந்தூர்க்காரன் "யாருக்குக் கல்யாணம்?" என்றான். மங்களூர்க்காரன், "எங்கள் ஊரில் இதை வாலகா என்போம். சாப்பாடு எப்போது?" என்றான். ஏழாவது நிமிடத்தில் இரண்டு பேரும் போனுக்குள் போய்விட்டார்கள். நான் நிறுத்தப் போவதற்குள் செயலி தானாகவே ஏதோ ஒரு கல்யாண ரீமிக்ஸுக்குத் தாவியது. மிச்சமிருந்த மானமும் போனது.

காருகுறிச்சியார் நாயனம் வாசித்த "சிங்கார வேலனே" சினிமாப் பாட்டைப் போட்டிருக்கலாம். ஆனால் ஜானகி அம்மாவின் குரலைப் பாராட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்களோ என்று பயம். நீங்கள் முதலில் எதைப் போடுவீர்கள்? பட்டியல் வேண்டாம், ஒன்றே ஒன்று சொல்லுங்கள் போதும்.

அல்சூர் ஒத்து:

தம்பி, முதல் நாளே நாற்பது நிமிடமா? பத்தியச் சோறு சாப்பிடுகிறவனுக்கு யாராவது பந்தி போடுவார்களா?

காருகுறிச்சியாரின் குருவிடமிருந்து ஆரம்பி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, பழைய இசைத்தட்டில் இருப்பது. அந்தக் காலத்து 78 வேகத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும். மணிக்கணக்கில் தோடி வாசித்த மனிதர், சாற்றைப் பிழிந்து அதற்குள் அடக்க வேண்டியிருந்தது. உன் நண்பர்களின் பொறுமைக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும்.

இன்னொன்று. காதில் ஹெட்போன் மாட்டிவிடாதே. நான்கு வீதிக்கும் கேட்பதற்காகச் செய்த வாத்தியம் அது, காதுக்குள் வைத்தால் குத்தத்தான் செய்யும். ஸ்பீக்கரைச் சமையலறையில் வைத்துவிட்டு ஹாலில் உட்காருங்கள். என் மாமா முப்பது வருடம் ஒத்து, அதாவது நாயனத்துக்குச் சுருதி பிடிக்கும் குழல், ஊதியவர். கல்யாண வீட்டில் மேடைக்குப் பக்கத்தில் உட்காராதே, பந்தலின் கடைசிக்குப் போய்க் கேள் என்பார்.

கேட்ட பிறகு ஆர்வம் வந்தால் இதையும் சொல். முன்பெல்லாம் குட்டையான திமிரி நாயனம்தான், சுருதி உச்சத்தில் கத்தும். நீளமான பாரி நாயனத்தை நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி செய்து கொடுக்க, அதைப் பிரபலமாக்கியவர் ராஜரத்தினம் பிள்ளை. நின்று ஒலிக்கும் அந்தக் கார்வை அப்படி வந்ததுதான்.

மல்லேஸ்வரத்து மாமி:

குரலைப் பாராட்டினால் பாராட்டட்டுமே, அதில் என்ன குறைந்துவிடும்? 1962-இல் "கொஞ்சும் சலங்கை" வந்தபோதும் பாதிப் பேர் அப்படித்தான் உள்ளே வந்திருப்பார்கள். ஆபேரி ராகத்தில் குரல் ஒரு ஸ்வரக் கோர்வையை வீச, நாயனம் அதை வாங்கித் திருப்பிப் போடும் இடத்தை மட்டும் இரண்டு தடவை போட்டுக் காட்டுங்கள். சினிமாப் பாட்டு என்று ஒதுக்குவது நமக்கு இருக்கிற வீம்பு, அந்தப் பையன்களுக்கு அது கிடையாது.

மங்களூர்ப் பையனுக்கு வழி வேறு. கத்ரி கோபால்நாத்தை அவனுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். அவருடைய அப்பா நாதஸ்வர வித்வான் என்பது தெரியுமா என்று கேளுங்கள். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கிப் போய் அதைக் கையில் எடுத்தவர் அவர். கேட்டுப் பார்த்தால் ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் அந்தக் கமகங்களில் அப்பாவின் வாத்தியம் ஒளிந்திருப்பது போல எனக்குத் தோன்றும். சாக்ஸபோனில் தொடங்கி அங்கிருந்து நாயனத்துக்கு இறங்கினால் "சாப்பாடு எப்போது" என்று கேட்க மாட்டான்.

தவில் பைத்தியம்:

டிரம்ஸ் வாசித்தவனை வீட்டில் வைத்துக்கொண்டு ஆலாபனை போட்டீர்களா அண்ணே! யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி தவிலை மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஒன்றைப் போடுங்கள். 1975-இல் காலமானவர், பதிவுகள் கரகரவென்றுதான் இருக்கும். பரவாயில்லை, மெட்டல் கேட்பவனுக்குக் கரகரப்பு பழக்கம்தானே.

பத்தமடைக்காரன்:

சொன்னபடி செய்தேன், நேற்று இரவு.

தோடி மூன்று நிமிடமும் யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் முடிந்த பிறகும் ஒன்றும் சொல்லவில்லை. சரி, போச்சு என்று நினைத்தேன். தவில் தனி போட்டதும் இந்தூர்க்காரன் எழுந்து ஸ்பீக்கர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். ஒரு பக்கம் குச்சி, மறுபக்கம் கூடு மாட்டிய விரல்கள் என்று சொன்னேன், நம்பவில்லை. படம் தேடிக் காட்டிய பிறகு சாப்பாட்டு மேசையில் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் வெறும் விரலுமாகத் தட்டிப் பார்த்தான். கீழ்வீட்டு அம்மா மேலே வந்தார். இந்த முறை திட்டு அவனுக்கு.

மாமி, கத்ரியின் அப்பாவைப் பற்றி மங்களூர்க்காரனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எங்களுக்கே பாடம் நடத்தினான். நான்தான் அசடு வழிந்தேன்.

"சிங்கார வேலனே" கடைசியில் போட்டேன். ஜானகி அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை. நாயனக்காரர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்பதில் இருவருக்கும் சண்டை. அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அதை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு ஏதாவது கோயிலில் நேரில் கேட்கலாம் என்கிறார்கள். அல்சூர் அண்ணே, உங்கள் பக்கம் எத்தனை மணிக்கு வாசிப்பார்கள்?

அல்சூர் ஒத்து:

சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் சுவிட்சு போட்ட மின்சார மேளம்தான் அடிக்கும், தம்பி. சுவாமி புறப்பாடு இருக்கிற நாளாகப் பார்த்துச் சொல்கிறேன். முதலில் புறப்பாட்டுக்கென்று நாயனத்தில் வாசிக்கும் மல்லாரி வரும். அதற்குப் பாட்டு வரிகள் கிடையாது, மொழி தெரியாதவனுக்கும் நட்டமில்லை. கரண்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்.